டீச்சரைக் கேளுங்கள்: ரீல்ஸ் பார்த்தால் படிப்பு வருமா?

போன இதழில் 78-ஐ 11-ஆல் பெருக்கிய பையனைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்குக் கணக்குப் படிக்க வரும் ஏழாம் வகுப்புப் பையன் அவன். 11-ஆல் பெருக்க ஒரு குறுக்கு வழி தெரியும் என்றான். ரீல்ஸில் பார்த்தானாம். 23-ஐ 11-ஆல் பெருக்க வேண்டுமென்றால், 2-க்கும் 3-க்கும் நடுவில் இரண்டையும் கூட்டி 5 போட வேண்டும், 253. சரியான விடைதான். 78 கொடுத்தேன். 7-க்கும் 8-க்கும் நடுவில் 15 போட்டு, 7158 என்று எழுதி, துளி சந்தேகம் இல்லாமல் சிலேட்டை நீட்டினான். விடை 858. கூட்டினால் ஒற்றை இலக்கம் வரும் எண்களை மட்டுமே அந்த வீடியோவில் காட்டியிருக்கிறார்கள். 78-இன் பத்து மடங்கு 780, அதோடு இன்னொரு 78 என்று புரிந்த பிள்ளைக்குக் குறுக்கு வழியே தேவையில்லை.

அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜையில் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

*

என் மகன் பிளஸ் டூ. நீட் தேர்வுக்குத் தயாராகிறான். எப்போது பார்த்தாலும் கையில் போன். கேட்டால், "பயாலஜி ஷார்ட்ஸ்தாம்மா பாக்குறேன்" என்கிறான். எட்டிப் பார்த்தால் உண்மையிலேயே பாடம்தான் ஓடுகிறது. ஆனால் மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறவே இல்லை. திட்டவும் முடியவில்லை, சும்மா விடவும் முடியவில்லை. இது படிப்பா இல்லையா டீச்சர்?
(ஒரு தாய், நீடாமங்கலம்)

அம்மா, உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. படிக்கிறோம் என்று அவன் மனசார நம்புகிறான். அந்த நம்பிக்கையால்தான் அவனுக்கு நஷ்டம்.

உங்கள் கடிதம் வந்த வாரம் நானே ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் 40 நிமிஷம் அறிவியல் ஷார்ட்ஸ் மட்டும் பார்த்தேன். பாட்டு, சமையல் எதுவும் கிடையாது. அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பழைய நோட்டு ஒன்றில் பார்த்ததையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். ஆறு விஷயம் ஞாபகம் வந்தது. அந்த ஆறில், ஏன் எதற்கு என்று முழுசாக விளக்க முடிந்தது இரண்டுதான். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பது ஒன்று. பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சுமார் 120 வரை சூடாகும் என்பது இன்னொன்று. குக்கர் விஷயம் எனக்கு முன்பே தெரியும். ஆக, 40 நிமிஷத்தில் புதிதாக என்னிடம் தங்கியது ஒரே ஒரு செய்தி. பார்த்துக்கொண்டிருந்தபோதோ, அடடா எவ்வளவு தெரிந்துகொள்கிறோம் என்று மனசு நிறைந்து போயிருந்தது.

பார்த்ததும் "ஆமாம், இது தெரியும்" என்று தோன்றுவது வேறு. பார்க்காமல் நம் வாயிலிருந்து வருவது வேறு. தேர்வில் நம்மிடம் கேட்பது இரண்டாவதை. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு சாரார் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் படித்துவிட்டு மூடி வைத்து, ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது மூடி வைத்து எழுதியவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். உங்கள் மகனின் மாதிரித் தேர்வு அந்த ஐந்தாவது நிமிஷத்தில் நடப்பதில்லையே.

நீங்கள் நீடாமங்கலம். நெல் வயலின் காய்ச்சலும் பாய்ச்சலும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டின தண்ணீர் மறைந்து, மண் லேசாக வெடித்து, வேருக்குக் காற்று போன பிறகுதான் அடுத்த தண்ணீர் கட்டுவோம். நாளெல்லாம் மடையைத் திறந்து வைத்தால் பயிர் அழுகும். ஷார்ட்ஸில் மடை அடைப்பதே இல்லை. இதயத்தின் அறைகள் முடியும் முன்பே சிறுநீரகம் வந்துவிடுகிறது. அது முடியும் முன்பே பாக்டீரியா. ஒவ்வொன்றும் நல்ல தண்ணீர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. காய்ச்சல் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் போனைப் பிடுங்காதீர்கள். மடை அடைக்கப் பழக்குங்கள். ஒரு வீடியோ பார்த்தால் போன் கவிழ வேண்டும். பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் பார்த்ததை எழுதட்டும், படம் இருந்தால் வரையட்டும். அப்புறம் என்சிஇஆர்டி புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து எது விட்டுப்போனது என்று பார்க்கட்டும். நீட் கேள்விகள் பெரும்பாலும் அந்தப் புத்தகத்தை ஒட்டியே வருகின்றன. மறுநாள் காலையில் புத்தகம் பார்க்காமல் ஒரு முறை, மூன்று நாள் கழித்து இன்னொரு முறை அதையே எழுதட்டும். ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் நாளுக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடுகிறது என்பதும், ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படித்தால் நிற்கிறது என்பதும் அவர் கண்டதுதான். இப்படிச் செய்தால் மணிக்கு நாலு வீடியோவுக்கு மேல் பார்க்க முடியாது. போதும்.

உங்களுக்கு பயாலஜி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கீரை ஆய்ந்துகொண்டே "இப்ப பார்த்தியே, அதை எனக்குச் சொல்லுடா" என்று கேளுங்கள். போன மாதம் என்னிடம் வந்த ஒரு பெண் மூளை நரம்புகள் 12 இணையையும் ஞாபகம் வைக்க ஒரு ஆங்கில வாக்கியத்தை ஷார்ட்ஸில் கற்றுக்கொண்டு வந்தாள். வாக்கியத்தைக் கடகடவென்று சொன்னாள். ஒவ்வொரு எழுத்துக்கும் எந்த நரம்பு, அந்த நரம்பு என்ன வேலை செய்கிறது என்று கேட்டேன். நாலோடு நின்றுவிட்டாள். அன்று அவள் முகம் வாடியதைப் பார்த்து எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனால் தேர்வு அறையில் வாடுவதைவிட என் திண்ணையில் வாடுவது மேல். மறு வாரம் 12-ஐயும் சொன்னாள்.

இன்னொன்று. ராத்திரி 10 மணிக்கு மேல் வீட்டில் எல்லாருடைய போனும் சமையலறை அலமாரிக்குப் போகட்டும். உங்களுடையதும்தான்.

*

எனக்கு 34 வயது. பள்ளிப் படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. ரீல்ஸ் பார்த்தே ஆரி வேலை கற்றுக்கொண்டேன். இப்போது கல்யாண பிளவுஸுக்கு ஆர்டர் வருகிறது. போன இதழில் நீங்கள் எழுதியதைப் படித்தபோது மனசு கொஞ்சம் வலித்தது. என்னைப் போன்றவர்களுக்கு இதுதானே பள்ளிக்கூடம்?
(ஒரு வாசகி, திருபுவனம்)

தங்கச்சி, உன் கடிதம் வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நான் விட்டுவிட்ட பக்கத்தை நீ எடுத்துக் காட்டியிருக்கிறாய்.

நீ கற்ற விதத்தை யோசித்துப் பார். பிரேமில் துணியை இழுத்துக் கட்டி, கையில் ஆரி ஊசியோடுதான் வீடியோ பார்த்திருப்பாய். துணிக்கு அடியில் நூல் பிடித்த கை எப்படித் திரும்புகிறது என்று தெரியாமல் நிறுத்தியிருப்பாய். பின்னால் தள்ளி அந்த மூன்று நொடியைப் பத்து முறை பார்த்திருப்பாய். சங்கிலித் தையல் ஒழுங்காக வரும்வரை அடுத்த வீடியோவுக்கு உன்னால் போகவே முடியாது. தப்பு செய்தால் ஊசி மாட்டிக்கொள்ளும், நூல் பிரிந்து வரும். ஆசிரியர் இல்லாவிட்டாலும் துணி உனக்கு மார்க் போட்டுவிடுகிறது. நான் மேலே நீடாமங்கலம் அம்மாவுக்குச் சொன்ன காய்ச்சல் உன் வேலைக்குள்ளேயே இருக்கிறது.

கைவேலைக்குச் சின்ன வீடியோ நல்ல வாத்தியார் என்பது என் முடிவு. விரல் எந்தப் பக்கம் வளைகிறது என்பதை இரண்டு பக்கம் எழுதினாலும் புரியவைக்க முடியாது, ஐந்து நொடியில் காட்டிவிடலாம். பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது, மாமியார் மாமனாரைப் பார்த்துக்கொள்ளும்போது, டவுனுக்குப் போய்ச் சம்பளம் கட்டிப் படிக்க முடியாத பெண்களுக்கு இது கதவு திறந்துவிட்டது. அதைக் கெடுதல் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஒரே ஒரு யோசனை. ஆர்டர் வருகிறது என்றால் துணி, ஜரிகை, மணி, உன் நேரம் எல்லாவற்றுக்கும் கணக்கு வை. "ஒரு பிளவுஸில் இவ்வளவு சம்பாதிக்கலாம்" என்று ரீல்ஸில் சொல்பவர்கள் எத்தனை மணி நேர வேலை என்பதைச் சொல்வதில்லை. கணக்கு போடத் தெரியவில்லை என்றால் எழுது, நான் போட்டுத் தருகிறேன்.

*

நானும் ஓர் ஆசிரியன். ஒரு நிமிடத்தில் எதையும் கற்பிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. அளவு குறைந்தாலே ஆழம் போய்விடும் அல்லவா?
(ஒரு தமிழாசிரியர், கும்பகோணம்)

ஐயா, நீங்கள் தமிழாசிரியர் என்பதால் கொஞ்சம் உரிமையோடு மறுக்கிறேன். ஏழே சீரில் ஒரு குறள் நிற்கிறது. ஆத்திசூடியில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்தான். சுருக்கம் ஆழத்துக்கு எதிரி என்றால் நம் இலக்கியத்தில் பாதியைக் குறைத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் ஊர் உதாரணமே ஒன்று இருக்கிறது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன் கையில், 1903 வாக்கில், கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் கிடைத்தது. தேர்வுக்குப் படிப்பவர்களுக்காகச் செய்த தொகுப்பு அது. சுமார் 5,000 முடிவுகள் வரிசையாக இருக்கும். விளக்கம் மிகவும் குறைவு, நிரூபணம் பல இடத்தில் இருக்காது. இன்றைய பாஷையில் சொன்னால் ஷார்ட்ஸ் மாதிரி: முடிவு, அடுத்த முடிவு, அதற்கடுத்த முடிவு. அந்தப் பையன் அதைப் புரட்டிப் பார்த்து மூடி வைக்கவில்லை. இது எப்படி வந்தது என்று ஒவ்வொன்றையும் தானே வருவிக்க உட்கார்ந்தார். சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடி எழுதினார். புத்தகத்தில் விளக்கம் இல்லாத இடத்தையெல்லாம் அவரே நிரப்ப வேண்டியிருந்தது. அவர் கணிதம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

அந்தப் புத்தகத்தில் பக்கம் தானாகத் திரும்பாது. போனில் திரும்புகிறது. எனக்கு இருக்கும் பயம் இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித்தான், நீளத்தைப் பற்றி இல்லை. எந்த வீடியோவில் நாம் எத்தனை நொடி நின்றோம், எதை முடிக்காமல் தள்ளினோம் என்று அந்தச் செயலி கணக்கு வைத்துக்கொண்டே இருக்கிறது. அதை வைத்து அடுத்ததை அதுவே எடுத்துப் போடுகிறது. நாம் தேடிப்போய்ப் பார்ப்பதற்கும், நம்மை நிறுத்தி வைக்க அது கொண்டுவந்து கொடுப்பதற்கும் நிறைய தூரம். வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு குறளைப் பற்றி ஒரு நிமிஷ வீடியோ ஒன்றை நீங்களே தேர்ந்தெடுத்துக் காட்டி, "இதில் அவர் சொல்லாமல் விட்டது என்ன?" என்று கேளுங்கள். உங்களிடம் படிக்கும் பிள்ளைகள் நிச்சயம் மூன்று விஷயமாவது கண்டுபிடிப்பார்கள்.

*

சம்பா நட்டு 25 நாள். நடுவயலில் திட்டுத் திட்டாக மஞ்சள் அடித்திருக்கிறது. ஒரு வீடியோவில் "இதை அடி, மூணே நாளில் பச்சை" என்று ஒரு மருந்து சொன்னார்கள். இன்னொன்றில் துத்தநாகம் போடச் சொன்னார்கள். எதை நம்புவது? விவசாயத்துக்கு இந்த வீடியோக்கள் உதவுமா?
(ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி)

அண்ணே, நான் கணக்கு டீச்சர். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வலங்கைமான் பக்கம் எங்கள் குடும்ப நிலத்தை என் தம்பி பார்க்கிறான். அவன் பட்டதைச் சொல்கிறேன்.

இரண்டு வருஷம் முன்பு அவனுக்கும் இதே மாதிரி மஞ்சள் வந்தது. ஒரு நிமிஷ வீடியோ ஒன்றில் துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ என்று சொன்னார்கள். அளவு சரியானதுதான், வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையும் எக்டேருக்கு 25 கிலோ. தம்பி என்ன செய்தான்? தனித்தனியாக இறைக்க ஆள் கூலி கட்டாது என்று, மணிச்சத்து உள்ள டிஏபி உரத்தோடு கலந்து இறைத்துவிட்டான். மணிச்சத்து உரத்தோடு சேர்ந்தால் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காத வடிவத்துக்குப் போய்விடும். மணலில் கலந்து தனியாகப் போட வேண்டும். அந்த ஒரு வரி வீடியோவில் இல்லை. பொய் எதுவும் சொல்லவில்லை அவர்கள். ஒரு நிமிஷத்துக்குள் அடக்க, ஒரு வரியை விட்டுவிட்டார்கள். உரக் காசும் கூலியும் போனது போக, பயிர் தேற மேலும் இரண்டு வாரம் ஆனது. வரப்பில் அவன் உட்கார்ந்திருந்த நிலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நெல்லில் மஞ்சள் என்பது ஒரே நோய் கிடையாது. தழைச்சத்து குறைந்தால் அடி இலை முதலில் வெளுக்கும். துத்தநாகக் குறை என்றால் நட்ட இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் இலையில் துரு மாதிரிப் புள்ளி வரும், பயிர் குட்டையாக நிற்கும். தண்ணீர் வடியாத வயலில் இது அதிகம். பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயிலும் இலை மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் மாறும். மூன்றுக்கும் மூன்று வழி. வீடியோ எடுத்தவர் நின்றது எந்த வயல், என்ன மண், என்ன ரகம், நட்டு எத்தனை நாள்? இது எதுவும் தெரியாமல் மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அடுத்தவர் மருந்துச் சீட்டை வைத்து நாம் மாத்திரை வாங்கியது போலத்தான்.

வீடியோ உதவாது என்று நான் சொல்லவில்லை. பூச்சியின் முகத்தைத் தெரிந்துகொள்ள, பாய் நாற்றங்கால் எப்படித் தயாரிக்கிறார்கள், களை எடுக்கும் கோனோவீடரை எப்படித் தள்ளுகிறார்கள் என்று பார்க்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. கண்ணால் பார்க்க வேண்டியதைப் பாருங்கள். அளவையும் கலவையையும் மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள். உங்கள் மாவட்டத்திலேயே, நீடாமங்கலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. இரண்டு செடியை வேரோடு பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போங்கள், இல்லையென்றால் உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரை வயலுக்கே கூப்பிடுங்கள். இந்தக் கேள்விக்கு இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் தபாலிலும் பதில் போட்டிருக்கிறேன்.

*

ஆஸ்திரேலியாவில் தடை செய்துவிட்டார்களாமே? நம் ஊரிலும் பிள்ளைகளுக்கு இதை அடியோடு தடை செய்தால் என்ன?
(ஒரு வாசகர், பட்டுக்கோட்டை)

ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் சட்டம் போட்டது; 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. மீறினால் தண்டனை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை, நிறுவனத்துக்கு. அந்த அம்சம் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் நாட்டிலும் 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருப்பவரைக் குழந்தை என்றே வைத்து, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது.

ஆனால் ஒரு தடையை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக்கைத் தடை செய்யச் சொல்லி, அதே மாதத்தில் விலக்கிக்கொண்டது. 2020 ஜூன் 29-ஆம் தேதி மத்திய அரசு நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி 59 செயலிகளை நிறுத்தியபோது டிக்டாக் ஒரேயடியாகப் போனது. ஜூலையிலேயே ரீல்ஸ் வந்துவிட்டது. செப்டம்பரில் ஷார்ட்ஸ். ஆரம்பத்தில் 15 நொடி என்று இருந்தது இப்போது 3 நிமிஷம்வரை போகிறது. என் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கடை மூடினால் பக்கத்துக் கடைக்குப் போவது மாதிரிப் போனார்கள்.

இன்னொன்றையும் நான் மறைக்க முடியாது. அந்த 2020-இல் பள்ளி மூடியிருந்தது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, ஆனால் வீட்டுப்பாடமும் சந்தேகமும் வாட்ஸ்அப்பில்தான். "போன் வாங்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும்" என்று பெற்றோருக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொன்னவள் நான். நடவுக் கூலியைச் சேர்த்து வைத்தும், தோட்டை அடகு வைத்தும் வாங்கிக் கொடுத்தார்கள். பாடத்துக்காக வீட்டுக்குள் வந்த போன், பள்ளி திறந்த பிறகு வெளியே போகவில்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தர யாரும் மெனக்கெடவில்லை, நானும் சேர்த்துத்தான். ஓய்வு பெற்ற பிறகு திண்ணையில் நான் சாக்பீஸ் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால், நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வரட்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன். சட்டம் வரும்வரை பிள்ளை பக்கத்தில் உட்கார நாம் காத்திருக்க வேண்டாம்.

*

பேரனுக்கு இரண்டரை வயது. போனில் வீடியோ ஓடினால்தான் வாய் திறக்கிறான். மருமகள் வேலைக்குப் போகிறாள், ஊட்டுவது நான்தான். "ஏ பி சி டி பாட்டுதானே, படிப்புதானே" என்கிறார்கள். சரியா?
(ஒரு பாட்டி, திருவையாறு)

சரியில்லை அம்மா. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இது: இரண்டு முதல் நாலு வயதுவரை ஒரு நாளைக்குத் திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது. அந்த ஒரு மணி நேரமும் சாப்பாட்டு நேரமாக இருக்க வேண்டாம். வயிறு நிறைந்தது பிள்ளைக்கே தெரியாமல் போகிறது.

வாசலில் உட்கார்ந்து காக்கை, அணில், போகிற டவுன் பஸ் எல்லாவற்றையும் காட்டி ஊட்டுங்கள். நாலைந்து நாள் அழுவான், இரண்டு கவளம் குறையும். தாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்குள் பேச்சு வருவதற்கு நீங்கள் சொல்வதும் அவன் திருப்பிச் சொல்வதும்தான் வேண்டும். வீடியோ அவன் பதிலுக்குக் காத்திருக்காது. வார்த்தைகள் அவன் வயதுக்குக் குறைவாக இருப்பதாகத் தோன்றினால் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

*

வணக்கம் டீச்சர். நான் ஒன்பதாம் வகுப்பு. எனக்குக் கணக்கு பிடிக்கும். கணக்கைச் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்துப் போட ஆசை. அப்பா, "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம்" என்கிறார். நீங்கள் அப்பாவுக்குச் சொல்ல முடியுமா?
(ஒரு மாணவி, சீர்காழி)

பாப்பா, உன் கடிதத்தைக் கடைசிக்கு வைத்தேன். இதுவரை வந்த கேள்வி எல்லாம் பார்ப்பதைப் பற்றி. நீ செய்வதைப் பற்றிக் கேட்டிருக்கிறாய்.

முதலில் அப்பாவுக்கு. ஐயா, உங்கள் பயம் நியாயமானது. மகள் முகம் தெரியாதவர்கள் கண்ணில் படக் கூடாது என்பதுதான் உங்கள் கவலை என்றால், அவள் முகமே தேவையில்லை. கையும் காகிதமும் குரலும் போதும். சீருடை வேண்டாம், பள்ளிப் பெயர் வேண்டாம், வீட்டு வாசல் தெரிய வேண்டாம். வீடியோ போடும் செயலியின் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் போனில் இருக்கட்டும். கருத்துப் பகுதியை மூடி வையுங்கள். அவள் எடுப்பதை முதலில் பார்ப்பவர் நீங்களாக இருங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளை என்பதால் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் கணக்கு படிக்கப் போனபோதும் எங்கள் தெருவில் அப்படித்தான் சொன்னார்கள். என் அப்பா கேட்கவில்லை. அதனால்தான் 33 வருஷம் என்னால் கரும்பலகை முன்னால் நிற்க முடிந்தது.

இப்போது உனக்கு. ஒரு நிமிஷத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் எதை விடலாம், எதை விடக் கூடாது என்று நீதான் முடிவெடுக்க வேண்டும். என் திண்ணைப் பையன் பார்த்த வீடியோவை எடுத்தவர் 78-ஐ விட்டுவிட்டார். நீ விடாதே. எங்கே தப்பு வருமோ அந்த எண்ணையே முதலில் எடு.

முதல் வீடியோவுக்கு ஒரு யோசனை தருகிறேன். கெட்டிக் காகிதத்தில் ஒரு முக்கோணம் வெட்டு. மூன்று மூலைக்கும் மூன்று வண்ணம் தீட்டு. மூலைகளைக் கிழித்து, முனைகள் ஒரே புள்ளியில் தொடும்படி பக்கம் பக்கமாக வை. அடியில் நேர்கோடு வரும்: 180 டிகிரி. 20 நொடிதான் ஆகும், பார்க்கிறவர் கண் விரியும். அங்கே முடித்துவிடாதே. நீ கிழித்தது ஒரு முக்கோணம். எல்லா முக்கோணத்துக்கும் இதுதான் என்று எப்படித் தெரியும்? மீதி 40 நொடி அதற்கு. உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரை. ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம் என்று உன் பாடப் புத்தகத்தில் இருக்கிறதே, அதை வைத்துக் கீழே உள்ள இரண்டு கோணத்தையும் மேலே கொண்டுவா.

கடைசியில், "போனை வைத்துவிட்டு நீங்களும் ஒரு முக்கோணம் வரையுங்கள்" என்று உன் குரலில் சொல். ரொம்ப நீளமான, ஒல்லியான முக்கோணம் ஒன்றை வரையச் சொல். அதில் மூலையைக் கிழிப்பது கஷ்டம், கோடு வரைவது சுலபம். ஏன் என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதுகிற முதல் ஆளுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன். அது நீயாகவும் இருக்கலாம்.